நனைந்து வரும் ராஜ்தூத்

வெள்ளிங்கிரியின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிள், வெள்ளிங்கிரி இல்லாமல் தனியாக வீடு வந்து சேர்ந்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை உச்சிப்பொழுதில். கள்ளிவலசு ஊரில் பாதிப்பேர் பெருமாளுக்கு விரதம் இருந்து, பசியில் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்த நேரம் என்பதால் அதிசயப்படுவதற்கு யாருக்கும் தெம்பு இருக்கவில்லை. தாராபுரம் ரோட்டிலிருந்து பிரிகிற மண் தடத்தில், காற்றாலைக் காத்தாடிகளின் இறக்கை நிழல்கள் மேலே விழுந்து விழுந்து விலக, பழகின சத்தத்தோடு அது வந்தது. பால் சொசைட்டி முக்கில் வேகத்தைக் குறைத்தது. குறுக்கே ஓடிய கோழிக்கு நின்று வழிவிட்டது. வெள்ளிங்கிரியின் மனைவி தெய்வாத்தாள் வீட்டு வாசலுக்கு வந்ததும் எஞ்சினை அணைத்து, தானாகவே ஸ்டாண்டை இறக்கி, இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றுகொண்டது. வண்டி முழுக்க நனைந்திருந்தது. மட்கார்டிலிருந்து தண்ணீர் சொட்டி வாசல் புழுதியில் சின்னச் சின்னக் குழி பறித்தது. கள்ளிவலசிலோ மழை என்று ஒன்று பெய்து, அது எந்த மாசம் என்று சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு நாளாகியிருந்தது.

பக்கத்து வீட்டுப் பாவாத்தாள்தான் முதலில் பார்த்தாள். மேய்ச்சலுக்குப் போன எருமை திரும்பிவிட்டது என்று சொல்வதைப் போல, "அம்மிணி, உங்கூட்டு வண்டி வந்துருச்சு பாரு" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

வெள்ளிங்கிரி கிணற்று மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலையில், ஏதோ ஒரு தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லையாம் என்று சொல்லி, ஸ்பேனர் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு இந்த வண்டியில்தான் கிளம்பிப் போனார். எந்தத் தோட்டம் என்று அவரும் சொல்லவில்லை, தெய்வாத்தாளும் கேட்கவில்லை; தினமும் போகிற மனுஷனிடம் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? சண்டை கிடையாது, கடன் கிடையாது, வேறொருத்தி கிடையாது, சாமியார் கிறுக்கும் கிடையாது. பிள்ளை இல்லாத குறையைக்கூட இருவரும் பேசிப் பேசித் தேய்த்து முடித்திருந்தார்கள். ஒரு காரணம் இருந்திருந்தால் அதைத் திட்டிக்கொண்டாவது காலத்தை ஓட்டியிருப்பாள். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், கோயிலில் பூப்போட்டுக் குறி கேட்டார்கள், மருதமலையிலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் போட்டோவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக அலைவதை விட்டார்கள். தெய்வாத்தாள் மட்டும் தடத்தில் ராஜ்தூத் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருகிறவளாகவே இருந்தாள். அந்த வகை வண்டியே அந்தப் பக்கத்தில் ஒழிந்துபோன பிறகும், எந்தச் சத்தமும் கேட்காமலேயே, வாசலுக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். நனைந்த சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு வண்டியை விட்டுவிட்டுத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஆள் பின்னால் நடந்து வருகிறாரோ என்று. ஊரும் கூட நின்று பார்த்தது. "வண்டி வந்துருச்சல்லோ, ஆளு வராமயா போயிருவாரு" என்று சொல்லிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் ஊர் வீட்டுக்குப் போனது. வெள்ளிங்கிரியின் தம்பி மயில்சாமி மட்டும் டேங்கைத் திறந்து மூக்கை நுழைத்துப் பார்த்தான்.

"நங்கை, டேங்குல சொட்டுப் பெட்ரோல் இல்லீங்" என்றான். அண்ணன் மனைவியை அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்பறம் எதுல ஓடி வந்துச்சாம்?"

"தெரீலீங். பக்கவாட்டுப் பொட்டியில ஆர்.சி. புஸ்தகம், இன்சூரன்சு எல்லாம் ஊறிக் கூழாக் கெடக்குதுங்."

அந்தக் கூழை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தார்கள். காய்ந்து, எழுத்தே இல்லாத ஒரு அப்பளமாக ஆனது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கள்ளிவலசில் பேப்பரைக் கேட்டு வண்டி ஓட்டினவர் யார்?

மறுநாள் காலையில், பால்காரர்கள் வந்து போன பிறகு, வெள்ளிங்கிரி கிளம்புகிற அதே நேரத்துக்கு ராஜ்தூத் தானாகக் கிளம்பிப் போனது. மாலையில் நனைந்து திரும்பியது. அடுத்த நாளும் அப்படியே. மயில்சாமி தன் மொபெட்டில் பின்னாலேயே போய்ப் பார்த்தான். கடைசிக் காத்தாடியைத் தாண்டிய வளைவு வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்த வண்டி, வளைவுக்கு அப்பால் புழுதியாக மட்டும்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்து போய்விடலாம் என்று பார்த்தவர்களுக்கும் வழி இல்லை. யார் உட்கார்ந்தாலும், பெரியவர்கள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடுவதைப் போல, எஞ்சின் மரியாதையாக அணைந்துவிடும். பால் சொசைட்டிச் செயலாளர் உட்கார்ந்தார், அணைந்தது. பூசாரி உட்கார்ந்தார், அணைந்தது. தெய்வாத்தாள் ஒரு காலையில் குளித்து, சாந்துப் பொட்டு வைத்து, அவர் கடைசியாக எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள், அவளுக்கும் அணைந்தது. அவள் இறங்கி நின்ற பிறகு மெல்ல உறுமி எழுந்து, அவளை விட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு அவள் சோறு ஆக்கவில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை? மூன்று இறக்கையோடு ராட்சதக் காத்தாடிகள் வந்து நின்றபோது ஆடு சினை பிடிக்காது என்று அலறிய ஊர்தான், பிறகு அதன் நிழலிலேயே ஆட்டைக் கட்டியது. ராஜ்தூத் வருகிற நேரத்தை வைத்துத்தான் இப்போது மாடு கறந்தார்கள். சக்கரத்தில் ஒட்டி வருகிற சேற்றைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒருநாள் செம்மண் வந்தால் கூடலூர்ப் பக்கம் என்றார்கள், கரிசல் வந்தால் கோயில்பட்டி என்றார்கள், நண்டு ஒன்று ஸ்போக்கில் மாட்டிக்கொண்டு வந்த நாளில் எல்லோரும் கடலை நினைத்துக்கொண்டார்கள். எல்லா நாளும் மழை மட்டும் பொது. அதனால் வெள்ளிங்கிரி இருக்கிற இடத்தில் ஓயாமல் மழை பெய்கிறது என்பதும், வண்டி தினமும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது என்பதும், கொட்டுகிற மழையில் மனுஷன் கிளம்ப முடியாமல் எங்கோ ஒதுங்கி நிற்கிறார் என்பதும் ஊரில் முடிவாகிவிட்டது. வானொலியில் வானிலை சொல்லும்போது கள்ளிவலசு முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டது. எங்கே மழை என்று சொல்கிறார்களோ அந்த ஊருக்குத் தெய்வாத்தாள் பஸ் ஏறினாள். அவள் போய் இறங்கும்போது அங்கே தரை காய்ந்து, ஜனங்கள் குடையை மடக்கிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். வீட்டில் ஆள் காணாமல் போனவர்கள். லாரிக்குப் போன புருஷனைத் தொலைத்தவள், மில்லுக்குப் போன மகளைத் தொலைத்தவர், திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட தங்கச்சியை இன்னமும் தேடுகிற கிழவர். காணாமல் போனவர்களின் பழைய துணியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து வண்டியின் கேரியரில் கட்டிவிட்டு, மாலையில் அது நனைந்து வருவதைத் தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். துணி நனைந்திருந்தால் ஆள் எங்கேயோ இருக்கிறார் என்று அர்த்தம். எல்லாத் துணியும்தான் நனைந்திருந்தது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்? டவுன் பஸ் கண்டக்டர் "மோட்டார் வூடு எறங்கு" என்று கூவினார், பால் சொசைட்டி பக்கத்தில் ஒரு வடைக் கடை முளைத்தது. கேரியர் நிறைய வண்ண வண்ணத் துணிகள் படபடக்க ராஜ்தூத் போகும்போது அது ஒரு சின்னத் தேர் மாதிரி இருந்தது.

சிக்கல் வந்தது செக்போஸ்ட்டில். போலீஸ்காரர் கை காட்டினார்; வண்டி ஒழுங்காக நின்றது. ஓட்டுகிறவன் இல்லாத வண்டியிடம் லைசென்சு கேட்க முடியாது, ஹெல்மெட் எங்கே என்று கேட்க முடியாது, வாயை ஊதச் சொல்ல முடியாது. ஆனால் ஆர்.சி. புத்தகம் கேட்கலாம். அன்றைக்கு மாலை அந்தப் போலீஸ்காரர் வண்டிக்குப் பின்னாலேயே கள்ளிவலசுக்கு வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, வண்டி தானாப் போறது எங்க பிரச்சனை இல்ல" என்றார். "ரோட்டுல எது எதுவோ தானாப் போய்க்கிட்டு இருக்கு. பேப்பர் இல்லாமப் போறதுதான் பிரச்சனை. இந்த நம்பருக்குப் பதிவு முடிஞ்சு எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? தை முடியறதுக்குள்ள மறுபதிவு பண்ணிக்குங்க. இல்லாட்டி தூக்கிக் காயலாங்கடைக்குப் போட்டுருவாங்க. அதை நானே வந்து செஞ்சா நல்லா இருக்காது."

காயலாங்கடை என்ற சொல்லைக் கேட்டதும் தெய்வாத்தாள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது அந்த ஒரு வண்டிதான்.

டவுனில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே, புங்க மரத்தடியில், ரெக்சின் பையோடு உட்கார்ந்திருக்கும் புரோக்கர் ஜம்புலிங்கத்திடம் மயில்சாமி அவளைக் கூட்டிக்கொண்டு போனான். ஜம்புலிங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு வெற்றிலையை ஒதுக்கினார்.

"எரிஞ்ச வண்டிக்குப் பேப்பர் வாங்கியிருக்கறனுங்க்கா. கெணத்துல உழுந்த வண்டிக்கு வாங்கியிருக்கறன். தானாப் போற வண்டிக்கு இதுதான் மொதத் தடவை. ஆனா ஃபாரம் அதே ஃபாரந்தானுங். ஓனரு நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா அவரு பேர்லயே ஆயிரும்."

"அவரு எங்கன்னு தெரிஞ்சா நான் எதுக்குங் வண்டியப் புடிச்சுட்டு நிக்கறன்?"

"அப்ப இன்னொரு வழிதானுங். ஓனரு தவறிட்டாருன்னா வாரிசுங்கற முறையில உங்க பேருக்கு மாத்தலாம். காணாமப் போனவங்களுக்குச் சட்டத்துல ஒரு கெடு இருக்குது, அதெல்லாம் எப்பவோ தாண்டிருச்சு. கோர்ட்டு வேலைய நான் பாத்துக்கறன். கடைசியா பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லோணும். எங்கூட்டுக்காரரு இறந்துட்டாருன்னு. அவ்வளவுதானுங்."

தெய்வாத்தாள் மரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும் இல்லாம, காணாமப் போனவராவே இருந்தா ஆவாதுங்ளா?"

"அந்த மாதிரி ஆளுக்கு ஆபீஸ்ல எடம் இல்லீங்க்கா."

பிறகு அவள் வேறொன்று கேட்டாள். "எம் பேருக்கு மாறிருச்சுன்னா, நான் ஏறி உக்காந்தா வண்டி போகுங்ளா?"

"ஓனரைத் தாங்காத வண்டி எங்கீங் இருக்குது?" என்றார் ஜம்புலிங்கம்.

அந்தப் பதில் அவளைப் பிடித்து ஆட்டியது. வண்டி அவள் பேருக்கு வந்தால் அவளைச் சுமக்கும். சுமந்தால், கடைசிக் காத்தாடிக்கு அப்பால் அது போகிற இடத்துக்கு அவளும் போகலாம். ஆனால் அவள் பேருக்கு வரவேண்டுமானால் போகிற இடத்தில் அவர் இல்லை என்று சொல்ல வேண்டும். இருக்கிற மனுஷனைப் பார்க்கப் போவதற்கு, அவர் செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப முடியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை மயில்சாமியிடம் சொல்லிப் பார்த்தாள். அவனுக்குத் தலை சுற்றியது. "ஆபீஸ்னா அப்புடித்தானுங் நங்கை" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வண்டியைச் சும்மா ஒருமுறை காட்டிவிட்டு வரலாம் என்று முதலில் கொண்டுபோனார்கள். எப்படிக் கொண்டுபோவது என்று ஊரே யோசித்தபோது, தெய்வாத்தாள் முந்தின நாள் மாலையில் டேங்கின் மேல் கையை வைத்து, "நாளைக்கு டவுனுக்குப் போகோணும்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் ராஜ்தூத் டவுன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தது, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ்ஸோடு நின்று, ஆள் ஏறி இறங்கக் காத்திருந்து.

பிரேக் இன்ஸ்பெக்டர் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த சின்ன வயசுப் பெண். வண்டி மைதானத்தில் தானாக ஒரு சுற்றுச் சுற்றி, அவர் கை காட்டிய இடத்தில் பிரேக் பிடித்து நின்றதைப் பார்த்து, "பிரேக் நல்லா இருக்கு" என்று குறித்துக்கொண்டார். அடுத்தது சேஸ் நம்பர். வண்டியின் எலும்பில் வெட்டியிருக்கும் அந்த நம்பர் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் விழ வேண்டும்; அது விழுந்தால்தான் வண்டி வண்டி. உதவியாளர் தாளை வைத்தார், தாள் நனைந்தது. பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இரும்பு உள்ளேயிருந்து வேர்ப்பதைப் போலத் துளி துளியாக ஈரம் எழுந்து தாளில் ஊறியது. பென்சில் வழுக்கியதே தவிர ஒரு எழுத்தும் பதியவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டு முகர்ந்தார். முகம் ஒரு நொடி மாறியது. "எங்க ஊர் ஐப்பசி மழை வாசனை வருதும்மா" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்து, "நம்பர் விழாம நான் எதுவும் செய்ய முடியாது. காய வைச்சுக் கொண்டு வாங்க. அதோட உரிமையாளர் விஷயத்தையும் முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார்.

கள்ளிவலசு தன்னால் ஆன மட்டும் முயன்றது. ராஜ்தூத்தைக் கொப்பரைக் களத்தில், தேங்காய்களுக்கு நடுவே, உச்சி வெயிலில் நிறுத்திக் காயவைத்தார்கள். களத்திலிருந்த கொப்பரை எல்லாம் பூஞ்சை பிடித்ததுதான் மிச்சம், களத்துக்காரர் தெய்வாத்தாள் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டார். மறுபக்கம், உரிமையாளரையே உண்டாக்கிவிடலாம் என்று பால் சொசைட்டியில் கூடிப் பேசினார்கள். மயில்சாமிக்கு அண்ணன் ஜாடை. காதோரம் தலைமுடிச் சாயத்தைக் கொஞ்சம் குறைத்து, வெள்ளிங்கிரியின் சட்டையைப் போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டால் எந்த இன்ஸ்பெக்டருக்கு என்ன தெரியும்? இருக்காரு, நேத்துக்கூட எங்க மோட்டாரை வந்து பாத்தாரு என்று சொல்ல ஊரே தயார். பெட்டியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு மயில்சாமி வாசலில் வந்து நின்றான். புல் அறுத்துக்கொண்டு திரும்பிய தெய்வாத்தாள் தூரத்திலிருந்து பார்த்தாள். புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நாலடி தூரத்தில் நின்றாள்.

"கழட்டுங்" என்றாள். "அந்தச் சட்டையக் கழட்டுங் சாமி. உங்க கால்ல உழுகறன்."

மயில்சாமி அங்கேயே பொத்தானைக் கழற்றினான். அவள் சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பில்லாமல், சத்தம் போட்டு அழுதாள். அவ்வளவு வருஷத்தில் அவள் அழுது அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஆள் மாற்றுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

தை மாசம் பிறந்தது. ஜம்புலிங்கம் கோர்ட்டு வேலையை முடித்துவிட்டுச் சொல்லியனுப்பினார். துணி கட்டியவர்கள் வந்து அவளிடம் கெஞ்சினார்கள். வண்டி காயலாங்கடைக்குப் போனால் எங்கள் பிள்ளைகளிடம் யார் போய் வருவார்கள் என்றார்கள். பாவாத்தாள் வேறு மாதிரி சொன்னாள்: "பேப்பர்ல தானே அம்மிணி. பேப்பர்ல எழுதறதெல்லாம் நடந்தா நானெல்லாம் இன்னேரம் அறுவது ஏக்கராக்காரி." அன்றைக்கு மாலையில் தெய்வாத்தாள் டேங்கின் மேல் கையை வைத்து, நாளைக்கு டவுனுக்கு என்று சொன்னாள்.

மைதானத்தில் ராஜ்தூத் நின்று தனியாக உறுமிக்கொண்டிருந்தது. உதவியாளர் பென்சிலும் தாளுமாகக் குந்தியிருந்தார். மழை இல்லாத வானத்துக்குக் கீழே வண்டி சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டு, "உங்க கணவர் பேரைச் சொல்லி, அவர் எப்படின்னு சொல்லுங்கம்மா" என்றார்.

தெய்வாத்தாள் மயில்சாமியைப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள், "அவங்களேதான் சொல்லணும்" என்றார் அம்மா.

அவள் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. அவர்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண் வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையில் பாவாத்தாள் சொல்வாள், போலீஸ் ஸ்டேஷனில் மயில்சாமி சொன்னான், கோயில் அர்ச்சனைக்கு இந்த மாதிரி ஏழு மலை ஏறிப் போகிற சாமி பேருதான் என்று ஜாடை காட்டினால் குருக்கள் புரிந்துகொள்வார். அவர் போன அன்றைக்குக்கூட அப்படித்தான். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுக் கிளம்பியவர் பின்னால் பால் சொசைட்டி வரைக்கும் ஓடினாள். "ஏனுங், ஏனுங்" என்று கூப்பிட்டாள். வண்டிச் சத்தத்தில் அது யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிற சத்தமாகக் காற்றில் போய்விட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். திரும்பியிருந்தால் எந்தத் தோட்டம் என்றாவது கேட்டிருப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"வெள்ளிங்கிரி" என்றாள்.

சொல்ல வந்தது வேறு. வாயிலிருந்து வந்தது கூப்பிடுகிற குரல். அத்தனை வருஷம் அடக்கி வைத்த குரல் என்பதால் அது மைதானத்தைத் தாண்டி, மதில் சுவரைத் தாண்டி, ரோடு வரைக்கும் போனது. எட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். மரத்தடியில் ஜம்புலிங்கம் எழுந்து நின்றார். இன்ஸ்பெக்டர் அம்மாவும் உதவியாளரும் மயில்சாமியும், அங்கிருந்த அத்தனை பேரும், கேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜ்தூத்கூட ஹேண்டில்பாரை லேசாக அந்தப் பக்கம் திருப்பியது. எல்லோரும் காத்திருந்தார்கள். கேட்டில் ஒரு தண்ணீர் லாரி போனது. அப்புறம் ஒரு நாய் போனது.

யாரும் வரவில்லை.

"செத்துப் போயிட்டாருங்" என்றாள் தெய்வாத்தாள்.

எஞ்சின் நின்றது. அது தானாக அணைவதை அவர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். இது அந்த மாதிரி இல்லை, மூச்சு நின்ற மாதிரி. மட்கார்டில் தொங்கிக்கொண்டிருந்த கடைசித் துளி விழுந்தது, அதற்குப் பின்னால் துளி வரவில்லை. கேரியரில் கட்டியிருந்த துணிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து காற்றில் ஆடத் தொடங்கின. உதவியாளர் தாளை வைத்துத் தேய்த்தார். நம்பர் கருகருவென்று, ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா கையெழுத்துப் போட்டார், தலையைத் தூக்காமல்.

வண்டியைப் பெட்ரோல் பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. பெட்ரோல் ஊற்றியதும் மயில்சாமியே உதைத்து, ஏறி உட்கார்ந்து, ஊர் வரைக்கும் ஓட்டி வந்தான். யாரை உட்கார வைத்தாலும் போனது. விட்டால் போகவில்லை. காலையில் பால்காரர்கள் வந்து போன பிறகும் வாசலில் சும்மா நின்றது. துணி கட்டியவர்கள் வந்து, காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்து, அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அவிழ்க்க மனமில்லாமல் விட்டுப் போனவர்களும் உண்டு. வடைக் கடைக்காரர் அடுப்பை எடுத்துக்கொண்டு போனார். நேற்று வரைக்கும் சொல்லு சொல்லு என்று நச்சரித்த ஊர், வாயாலேயே கொன்றுபோட்டாளே என்று பின்னால் பேசியது. தெய்வாத்தாளுக்கு அது காதில் விழாமல் இல்லை. அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. சில நாள் வண்டியின் பக்கமே போகாமல் மாட்டுக் கட்டுத்தரையிலேயே கிடந்தாள்.

பங்காளிகள் கூடிப் பேசி மயில்சாமியை அனுப்பினார்கள். அவன் வாசலில் தயங்கித் தயங்கி நின்றான். "நங்கை, எழுதிக் குடுத்தாச்சுங். இனி அண்ணனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுப்போடலாம்னு சொல்றாங்க. கருமாதி பண்ணிப்போட்டா அவருக்கும் நல்லது. உங்க கழுத்துல..." அவள் தாலியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

தெய்வாத்தாள் எழுந்து வந்து வண்டியின் சீட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அவரு செத்துப் போனாருன்னு நான் சொன்னது வண்டிக்குத்தானுங் சாமி" என்றாள். "எனக்குச் சொல்லிக்கல. அது தெனமும் போயி, பாத்துப்போட்டு, வந்து நின்னுச்சு. எனக்கு ஒண்ணுஞ் சொல்லல. எத்தன நாளைக்கு அது பாத்துட்டு வர்றதை நான் தொட்டுப் பாத்துட்டு இருக்கறது? அது தேடுனது போதும். இனி நான் போறன். கிக்கர் எப்புடி ஒதைக்கறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்."

மயில்சாமி சொல்லிக்கொடுத்தான். சோளம் அறுத்த காட்டில், யாரும் பார்க்காத நேரம் பார்த்து என்று தொடங்கி, ஊரே வேலியோரம் நின்று பார்க்கிற வரைக்கும் அவள் ஓட்டிப் பழகினாள். விழுந்தாள், முழங்காலைப் பேர்த்துக்கொண்டாள், சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்டாள், வண்டியை வாயில் வந்தபடி திட்டினாள், திட்டியதற்காக அதைத் தட்டிக்கொடுத்தாள். கடைசியில் ஒருநாள் காலை, சேலையைக் கொசுவிச் செருகி, தலையில் துண்டைக் கட்டி, அவிழ்க்காமல் விட்ட துணிகள் கேரியரில் ஆட, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தாள்.

பாவாத்தாள் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம் போற அம்மிணி?"

"தெரீலீங்க்கா. வண்டிக்கும் இப்பத் தெரீல. கேட்டுக் கேட்டுத்தான் போகோணும்."

வீட்டுச் சாவியை வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"நான் இல்லாதப்ப அவரு வந்துட்டாருன்னா, தேடிக் கிளம்பிப்போடாம, இங்கயே இருக்கச் சொல்லுங்க்கா. நான் வந்தர்றன்."

பாவாத்தாள் சாணிக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.